புதுச் சமையல் கருவிக்குப் பெயர் வைப்பது எப்படி: மொரிசியஸ் அடுப்படிக்கு ஒரு கையேடு

கருவி தயாராகிவிடும், விலையும் முடிவாகிவிடும். பெட்டி அச்சடிப்பவர் "பேர் என்ன போடணும்?" என்று கேட்கிறபோதுதான் பலருக்கும் பெயர் நினைவுக்கு வருகிறது. அந்த அவசரத்தில் பிறப்பவைதாம் "ராயல் செஃப்", "கிச்சன் ப்ரோ", "கோல்டன் சாய்ஸ்" எல்லாம். 3,000 ரூபாய்க்கு விற்க வேண்டிய பொருள், அதே பெயரும் அதே பளபளப்பும் கொண்ட 300 ரூபாய்ப் பொருளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாங்க வருபவர் இரண்டையும் பார்த்துவிட்டு மலிவானதை எடுப்பார். அவர்மேல் தப்பில்லை.

பெயருக்கென்று குறைந்தது ஆறு வாரம் ஒதுக்குங்கள். யோசிக்க ஒரு வாரம், வடிகட்ட ஒரு வாரம், ஆட்களிடம் சொல்லிப் பார்க்க இரண்டு வாரம், பதிவேடுகளைத் தேட இரண்டு வாரம். விண்ணப்பம் போட்டபின் ஆகும் காலம் இதில் சேராது.

எடுத்துக்காட்டுக்கு ஒரே பொருளை வைத்துக்கொள்வோம்: உயர்ரக ரோஸ் காரி, அதாவது மசாலா அரைக்கும் நம் அம்மி. 30 சென்டிமீட்டர் நீளம், 18 அகலம், 4 கனத்தில் அறுத்த பசால்ட் (எரிமலைப் பாறை) பலகை. சுமார் 6 கிலோ எடை. அடியில் வழுக்காத ரப்பர் கால், சுற்றிலும் விழுது வழியாமல் பிடிக்க எஃகுத் தட்டு. கத்தி, துருவி, முறுக்கு அச்சு எதுவானாலும் முறை இதுவேதான்.

முதலில் பெயரைத் தேடாதீர்கள், சொற்களைச் சேருங்கள்

ஒரு தாளில் ஐந்து பத்தி இழுங்கள்: ஓசை, கை அசைவு, உருவம், மணம், வீட்டுப் பேச்சு. "தரமான", "நவீன", "பாரம்பரிய" மாதிரி அடைமொழிகளுக்கு அந்தத் தாளில் இடம் கிடையாது. எந்தப் பொருளுக்கும் ஒட்டுகிற சொல் உங்கள் பொருளைத் தனியாகக் காட்டாது. ஒவ்வொரு பத்தியிலும் பத்துப் பன்னிரண்டு சொல் சேரும்வரை எழுந்திருக்க வேண்டாம்.

கடைசிப் பத்திதான் பொன். வீட்டில் மூத்த பெண்கள் அந்தப் பொருளைப் பற்றிப் பேசும்போது எந்தச் சொற்களைப் போடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். ரோஸ் காரி என்றால் கறிக்கல். அதன்மேல் உருளும் கல்லை, தீவின் பேச்சுமொழியான க்ரியோலில், "பாபா" என்கிறோம், கல்லின் குழந்தை. தமிழில் அதற்குப் பெயர் குழவி. குழவி என்றாலும் குழந்தைதான். பெரியவர்கள் தமிழை மறந்து க்ரியோலுக்கு மாறிய வீடுகளில்கூட அந்த உவமை மட்டும் உயிரோடு இருக்கிறது. இப்படி ஒரு கண்ணி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பெயர் அந்தச் சொல்லாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தேட வேண்டிய திசையை அது காட்டிவிடும்.

இந்தத் தாளிலிருந்து 60 பெயராவது எழுதுங்கள். முதல் இருபதும் யாருக்கும் தோன்றுபவை. அடுத்த இருபது வேடிக்கையாக இருக்கும். வேலைக்கு ஆவது பெரும்பாலும் மூன்றாவது இருபதிலிருந்துதான் வரும். இருபதில் நிறுத்திவிடுகிறவர்கள் கையில் "ஸ்பைஸ் மாஸ்டர்"தான் மிஞ்சும்.

நான்கு வாய்

சென்னையில் வைக்கும் பெயருக்கு இல்லாத சிக்கல் ஒன்று இங்கே உண்டு. வாங்குபவர் பெட்டியை ஃபிரெஞ்சில் வாசிக்கிறார், கடைக்காரரிடம் க்ரியோலில் கேட்கிறார், ரசீது ஆங்கிலத்தில் வருகிறது, வீட்டுக்குக் கொண்டுபோனால் பாட்டி தமிழில் ஏதோ சொல்லிக் கூப்பிடுகிறார். நான்கு வாயிலும் உடையாமல் நிற்கிற பெயர்தான் இந்தத் தீவில் பெயர்.

தமிழ்ச் சொல் க்ரியோல் வாயில் என்ன ஆகும் என்பதற்கு நம் அடுப்படியே அகராதி. கொத்தமல்லி கோத்தோமிலி ஆனது. கறிவேப்பிலை காரிபூலே ஆனது. முருங்கை மூரூம், பீர்க்கங்காய் பிப்பங்காய், முறுக்கு மூல்கூ. இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் சில வழக்கங்கள் புலப்படும். அவற்றை அறுபது பெயர்மீதும் ஓட்டிப் பாருங்கள்.

"அம்" என்று முடியும் சொல் "ஓன்" ஆகிவிடும். ரசம் ரசோன் ஆனது, கைலாசம் கைலாசோன் ஆனது. அரைக்கும் ஓசையை நினைத்து "தாளம்" என்று வைத்தால் அது "தாலோன்" ஆகும். ஃபிரெஞ்சில் தாலோன் என்றால் குதிகால். "மணம்" என்று வைத்தால் மனோன் ஆகும். அது ஃபிரெஞ்சுப் பெண்பிள்ளையின் பெயர். கெட்டதில்லை, ஆனால் நீங்கள் நினைத்த மணம் அதில் இல்லை.

"ழ" பிழைக்காது. "விழுது" அழகான சொல், கருவிக்குப் பொருத்தமும்கூட. ரோமன் எழுத்தில் எழுதினால் யாரும் சரியாக வாசிக்கப் போவதில்லை. "குழவி" இன்னும் மோசம்: நாக்கு தடுக்கிக் குளவி ஆகிவிடும். சமையலறையில் கொட்டுகிற பூச்சியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

"ஜே" எழுத்துக்கு மூன்று ஒலி உண்டு. ஆங்கிலத்தில் ஒன்று, ஃபிரெஞ்சில் ஒன்று, க்ரியோலில் "ஸ" போல (ஆங்கில z) இன்னொன்று. ஃபிரெஞ்சின் ழூர் க்ரியோலில் ஸூர் ஆவதை நினைத்துக்கொள்ளுங்கள். "சி", "எச்" சேர்ந்து வந்தாலும் அதே கதைதான். ஆங்கிலேயர் "ச்ச" என்பார், ஃபிரெஞ்சுக்காரர் "ஷ" என்பார், க்ரியோல் பேசுபவர் "ஸ" என்பார். சட்டி என்ற நம் சொல்லை அந்த எழுத்துகளால் எழுதிப் பெட்டியில் போட்டீர்களென்றால், ஃபிரெஞ்சு வாசிப்பவர் பெண்பூனை என்று வாசிப்பார். அந்தச் சொல்லுக்கு வாய்விட்டுச் சொல்ல முடியாத இன்னொரு பொருளும் உண்டு. தமிழ்ச் சமையல் பொருளுக்குப் பெயர் தேடுகிற எவரும் முதலில் தொடுகிற சொல் சட்டி என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"யு" எழுத்து இன்னொரு பொறி. ஆங்கிலம் அதை ஒரு மாதிரி, ஃபிரெஞ்சு இதழைக் குவித்து இன்னொரு மாதிரி, க்ரியோல் "இ" மாதிரி வாசிக்கும். "உ" ஒலி வேண்டுமென்றால் "ஓ", "யு" இரண்டும் சேர்த்து ஃபிரெஞ்சு முறையில் எழுதுங்கள். முத்து என்ற பெயரை அப்படி எழுதுபவர்கள் உண்டு. சொல்லின் கடைசியில் "ர்" வைத்தால் அது தேய்ந்து காணாமல் போகும்.

உயிரெழுத்தில் தொடங்கும் பெயருக்கு இன்னொரு ஆபத்து. க்ரியோலில் முன்னொட்டு சொல்லோடு ஒட்டிப் பிறக்கிறது: வெங்காயம் ஸோன்யோன், அன்னாசி ஸனனா. "அம்மி" என்று பெயர் வைத்தால் ஃபிரெஞ்சில் அது "அமி", நண்பன். க்ரியோல் வாயில் "ஸமி", அதுவும் நண்பன்தான். இந்த ஒரு விபத்து இனிப்பானது. ஆனால் அம்மியைப் பெயராகப் பதிய முடியுமா என்பது வேறு விஷயம், பின்னால் வருகிறது.

பாதுகாப்பான ஒலிகள் க, ல, ம, ந, ப, வ, த, ஸ. உயிரில் ஆ, இ, ஓ. இவற்றால் ஆன இரண்டு அசைச் சொல் நான்கு வாயிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். ஒரு சின்ன எச்சரிக்கை: தமிழ் எழுத்தில் "ப" இரண்டு விதமாக ஒலிக்கும். பெட்டியில் தமிழில் "பாபா" என்று எழுதினால் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளை "பாப்பா" என்றோ "பாபா" என்றோ வாசிக்கும். ரோமன் எழுத்தில் P வருகிறதா B வருகிறதா என்று வாய்ச்சண்டை போடத் தேவையில்லாத சொல்லாக இருந்தால் நல்லது.

கெட்ட பொருள் வருகிறதா என்பதை அகராதியில் தேடிப் பயனில்லை. க்ரியோலில் வளர்ந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவனிடம் பெயரைக் கொடுங்கள். அவன் சிரித்தால் பெயரைக் கிழித்துப் போடுங்கள்.

உயர்ரகம் என்று தெரிய வேண்டும், ஆனால் சொல்லக்கூடாது

"ப்ரீமியம்", "லக்ஸ்", "எலீட்", "கோல்ட்", "மாஸ்டர்", "ப்ரோ". இவற்றில் ஒன்றுகூடப் பெயருக்குள் வேண்டாம். ஒன்று, மலிவுப் பொருள்கள் இச்சொற்களை ஏற்கெனவே தின்று தீர்த்துவிட்டன. இரண்டு, புகழ்ச்சிச் சொல்லை மட்டும் வணிகக்குறியாகப் பதிய வந்தால், எல்லா வியாபாரிக்கும் தேவையான சொல் இது என்று அலுவலகம் மறுக்கும். மூன்றாவது காரணம் மனசு சம்பந்தப்பட்டது: தன்னைத் தானே உயர்ரகம் என்று சொல்லிக்கொள்ளும் பொருளை வாங்குபவர் புரட்டிப் பார்ப்பார், குறை தேடுவார்.

நம் அடுப்படிகளில் ஏற்கெனவே இருக்கும் பெயர்கள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் வழி தெரியும். தெஃபால், டெஃப்லானையும் அலுமினியத்தையும் ஒட்டவைத்த சொல், 1956-ல் பிறந்தது. பொருளின் பெயரிலிருந்து ஆனது என்று இன்று யாருக்கும் தோன்றுவதில்லை, அதுதான் அதன் வெற்றி. மூலினெக்ஸுக்குள் ஃபிரெஞ்சின் மூலான், அதாவது அரைவை எந்திரம், இருக்கிறது. 1925-ல் வார்ப்பிரும்புப் பாத்திரம் செய்யத் தொடங்கிய லெ க்ரூஸே, உலோகம் உருக்கும் மூசையின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. பட்டறைச் சொல் சமையலறையில் வந்து உட்கார்ந்ததும் கனம் கூடிவிட்டது. மைக்ரோப்ளேன் மர வேலைக்குச் செய்த அரம். துருவியாக மாறியபின்னும் தச்சுப் பட்டறைப் பெயரை விடவில்லை. 1990-ல் வந்த ஒக்ஸோ எந்தப் பொருளும் இல்லாத சொல். நேராக, தலைகீழாக, மேலிருந்து கீழாக எப்படி எழுதினாலும் ஒன்றுபோல் தெரியும். கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் பெயர் வாசிக்கலாம்.

இவற்றில் நம் கல்லுக்கு ஆகும் வழி லெ க்ரூஸே போன வழிதான்: பக்கத்துத் தொழிலிலிருந்து ஒரு சொல்லை எடுப்பது. கல்தச்சர் சொல், கோயில் வேலைச் சொல், மாட்டுத் தொழுவச் சொல். உதாரணத்துக்குத் "திமில்". காளையின் முதுகில் இருக்கும் மேடு. குழவியைப் பலகைமேல் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் அந்த உருவம் தெரியும். ஒலிகள் பாதுகாப்பானவை, இரண்டே அசை, ஃபிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கத் தடை இல்லை. தமிழ் தெரிந்தவருக்கு ஒரு படம் வரும், தெரியாதவருக்குப் புதுச் சொல்லாக நிற்கும். இதுபோல ஒட்டுச் சொல்லும் செய்யலாம்: கல்லின் "கல்", பாபாவின் "பா" சேர்ந்து "கல்பா". செய்த ஒட்டைத் தமிழ்க் காதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். "அமிலோ" என்று மெருகாக ஒன்று செய்துவிட்டு, அது அமிலம் என்று கேட்கிறது என்பதைக் கடைசியில் கவனிப்பவர்கள் உண்டு. இங்கே சொல்லும் பெயர்கள் எல்லாம் முறையைக் காட்டத்தான். பதிவேட்டில் தேடிப் பார்த்தவை அல்ல, அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று பக்கம் போக வேண்டாம். டோடோ பறவை ஒன்று. அது நாட்டின் சின்னத்திலேயே இருக்கிறது, விமான நிலையத்தில் விற்கிற எல்லாவற்றிலும் இருக்கிறது. ஃபிரெஞ்சுத் தாய்மார் குழந்தையைத் தூங்கச் சொல்லும் சொல்லும் அதுதான். தூங்கும் கருவி யாருக்கு வேண்டும்! இரண்டாவது, ஊர்ப் பெயர், மலைப் பெயர். 820 மீட்டர் உயரத்தில் தலையில் பாறையைச் சுமந்து நிற்கும் பீட்டர் போத் மலையைப் பார்த்தால் ரோஸ் காரிக்காரர் எவருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் ஊர்ப் பெயரை உங்களுக்கு மட்டும் என்று பிடித்துவைப்பது கடினம். ஃபிரான்சின் லகியோல் கத்திக்கு நேர்ந்தது பாடம். கத்திக்குப் புகழ்பெற்ற அந்த ஊரின் பெயரை 1993-ல் வெளியாள் ஒருவர் பலவகைப் பொருள்களுக்குப் பதிந்துகொண்டார். ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் வழக்காடினார்கள். இன்று அந்தப் பெயரோடு எங்கோ செய்த மலிவுக் கத்தியும் வருகிறது. சபாத்தியே கத்தியும் அப்படித்தான்: தியேர் ஊரில் பல பட்டறைகள் அதே பெயரை அடித்ததால், முன்னால் இன்னொரு சொல்லோ குறியோ சேர்த்தால்தான் யாருடையது என்று தெரியும்.

மூன்றாவது சாமி பெயர். வேல், காவடி, முருகன், அம்மன். பூஜைப் பாத்திரத்துக்குப் பரவாயில்லை. மீனும் ஆட்டுக்கறி மசாலாவும் படும் கல்லுக்கு வேண்டாம். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கும் வீடுகளில் பாத்திரத்தையே தனியாக எடுத்து வைக்கிறார்கள். அங்கே வேல் பெயர் போட்ட கல்லில் வெங்காயமும் மீனும் அரைபடுவதை ஒருவர் படம் பிடித்துப் போட்டால், நீங்கள் மன்னிப்புக் கேட்டு முடிவதற்குள் பெட்டிகள் திரும்பி வந்துவிடும்.

அறுபதிலிருந்து மூன்றுக்கு

ஒலி வடிகட்டலில் அறுபது இருபதாகும். கெட்ட அர்த்தம், பிற பொருளோடு குழப்பம் பார்த்தால் பன்னிரண்டாகும். இனி ஆட்கள்.

பன்னிரண்டு பேரைப் பிடியுங்கள். நால்வர் வீட்டில் க்ரியோல் மட்டும் பேசுபவர்கள், நால்வர் ஃபிரெஞ்சு நாளிதழ் வாசிப்பவர்கள், நால்வர் தமிழ் தெரிந்த பெரியவர்கள். உங்கள் வீட்டாரும் உங்களிடம் சம்பளம் வாங்குபவர்களும் கணக்கில் இல்லை. பன்னிரண்டு பேருக்கும் ஒரே பெயரை வாட்ஸ்அப் குரல் செய்தியில் ஒரே ஒருமுறை சொல்லி அனுப்புங்கள். பின்னணியில் தெரு இரைச்சல் இருக்கட்டும், காத்ர் போர்ன் சந்தையில் அமைதி கிடையாது. கேட்டதைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். தட்டச்சு வேண்டாம், கைப்பேசி தானாகத் திருத்திவிடும்.

பன்னிரண்டில் ஒன்பது பேர் ஒரே மாதிரி எழுதினால் பெயர் தேறியது. ஏழு, எட்டு என்றால் ஒலி சரி, எழுத்துக்கூட்டல் தவறு. பெரும்பான்மை எப்படி எழுதினார்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் விருப்பத்தைத் திணிக்காதீர்கள். அதற்குக் கீழே போனால் விட்டுவிடுங்கள். இந்த எண்கள் சட்டமில்லை, கை அனுபவக் கணக்கு.

மூன்று நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், "அன்னைக்குச் சொன்ன பேர் என்ன?" என்று கேளுங்கள். பாதிப் பேருக்காவது நினைவிருக்க வேண்டும். தப்பாகச் சொல்பவர்களைத் திருத்தாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே மாதிரித் தப்பாகச் சொன்னால், அந்தத் தப்பே நல்ல பெயராக இருக்கலாம்.

கடைசியாக, விலை கேட்கும் சோதனை. பொருளைக் காட்டாமல், பெயரையும் "கல், கையால் அரைப்பது" என்பதையும் மட்டும் சொல்லி, என்ன விலை இருக்கும் என்று கேளுங்கள். மூன்று பெயரை மூன்று குழுவிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரே ஆளிடம் மூன்றையும் கேட்டால் அவர் ஒப்பிடத் தொடங்கிவிடுவார். "பிடிச்சிருக்கா?" என்று மட்டும் எவரிடமும் கேட்காதீர்கள். மரியாதைக்கு ஆமாம் என்பார்கள்.

தாள் வேலை

பலர் இடறுவது இங்கேதான். நிறுவனத்தின் பெயரைப் பதிந்து, வியாபாரப் பதிவு எண் வாங்கிவிட்டால் பெயர் தனக்குச் சொந்தம் என்று நம்பிவிடுகிறார்கள். அது நிறுவனத்தை அடையாளம் காட்ட மட்டும்தான். பொருளின்மேல் இருக்கும் பெயரைக் காப்பது வணிகக்குறிப் பதிவு. அதற்குத் தொழிற்சொத்து அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தொழிற்சொத்துச் சட்டம் 2022 ஜனவரி 31 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவு பத்து ஆண்டுக்கு. பிறகு பத்துப் பத்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம்.

விண்ணப்பத்தில் பொருளின் வகுப்பைச் சரியாகப் போடுவது முக்கியம். வணிகக்குறிகளுக்காகப் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கும் சர்வதேச நீஸ் வகைப்பாட்டில் கத்தி போன்ற கையால் வெட்டும் கருவிகள் 8-ஆம் வகுப்பு. துருவி, உரல், கையால் அரைக்கும் மின்சாரமில்லாத சமையல் சாமான் 21. மோட்டார் வைத்த மிக்ஸி, கிரைண்டர் 7. அடுப்பு 11. நம் ரோஸ் காரி 21-ல் வரும். நாளைக்கே அதன்மேல் மோட்டார் பூட்டுவதாக எண்ணமிருந்தால் 7-ஐயும் சேருங்கள். எல்லா வகுப்பையும் அள்ளிப் போடுவது வீண்செலவு, வகுப்புக்கு வகுப்பு கட்டணம்.

தேடும்போது உங்கள் வகுப்போடு நிற்காதீர்கள். மசாலாத்தூள் வரும் 30-ஐயும் பாருங்கள், ஏனென்றால் மசாலாக் கம்பெனியின் பெயர் அரைக்கும் கல்லில் இருந்தால் வாங்குபவர் குழம்புவார். ஒக்ஸோ என்றால் பிரிட்டனில் சூப்புக் கட்டி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்துக்கூட்டலை மட்டும் தேடுவதும் போதாது. ஒலி ஒத்தவை எல்லாம் தேட வேண்டும்: "கே"க்குப் பதில் "சி", "ஐ"க்குப் பதில் "வை", ஓர் எழுத்து இரட்டித்தது, ஒற்றையானது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் வணிகக்குறி கேட்கும் மத்ரிட் முறையில் 2023 மே 6 முதல் மொரிசியஸ் இருப்பதால், வெளிநாட்டுக்காரர் விபோ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) வழியாக இந்தத் தீவைக் குறித்து விண்ணப்பிக்க முடியும். அதனால் விபோவின் இணையத் தேடலையும் விடாதீர்கள். அதே நாளில் புள்ளி எம்யு (.mu) இணைய முகவரி கிடைக்கிறதா, ஃபேஸ்புக்கில் யாராவது அந்தப் பெயரில் கடை நடத்துகிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். முகவரியை உடனே வாங்கிவிடுங்கள். பெயரை ஊரெல்லாம் சொன்னபின் வாங்கப் போனால் வேறொருவர் கையில் இருக்கும்.

இனி அம்மிக்கு வருவோம். அம்மி என்பது அந்தப் பொருளின் பொதுப்பெயர். தமிழ் தெரியாத அதிகாரி கண்ணில் தப்பி ஒருவேளை பதிவானாலும், போட்டியாளர் "இது எங்கள் பாட்டி அரைத்த அம்மி" என்று எழுத உங்களால் தடுக்க முடியாது. "ரோஸ் காரி"யும் அப்படியே. இன்னும் கொஞ்ச தூரம் விற்கப் போனால், பக்கத்து ரெயூனியோனில் உரலின் உலக்கையைக் "கலூ" என்பார்கள். அங்கே அந்தச் சொல்லையும் விட்டுவிட வேண்டும். பொருளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், பொருளின்மேலேயே ஏறி உட்காராதீர்கள்.

ரெயூனியோனில் விற்க மொரிசியஸ் பதிவு உதவாது. அது ஃபிரான்ஸ், ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. இங்கே விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் அங்கே விண்ணப்பித்தால் இங்கே போட்ட தேதியே அங்கும் முன்னுரிமைத் தேதியாக எண்ணப்படும். நாட்காட்டியில் ஐந்தாம் மாதத்தைச் சிவப்பில் குறித்து வையுங்கள். பெயர் எந்த மொழியிலும் இருக்கலாம், ஆனால் ஃபிரான்சின் 1994 சட்டப்படி அங்கே பயன்படுத்தும் முறையும் எச்சரிக்கையும் ஃபிரெஞ்சில் இருந்தாக வேண்டும்.

பதிவுச் சான்று கைக்கு வரும்வரை வட்டத்துக்குள் "ஆர்" குறியைப் போடாதீர்கள். "டிஎம்" போதும்.

கல்லில், பெட்டியில்

பசால்ட்டில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. மெல்லிய கோடுள்ள எழுத்தை அதில் செதுக்கினால் குழியும் எழுத்தும் கலந்து போகும். எழுத்து தடித்து, குறைந்தது 10 மில்லிமீட்டர் உயரம் இருக்கட்டும். அரைக்கும் முகத்தில் ஒருபோதும் வேண்டாம்: பள்ளத்தில் மஞ்சளும் மிளகாயும் தங்கும், நாறும். பக்கச் சுவரிலோ எஃகுத் தட்டிலோ போடுங்கள். எஃகில் லேசரால் பொடி எழுத்தும் நன்றாக வரும். பெயர் நீளமாக இருந்தால் எல்லா இடத்திலும் செலவு ஏறும், கடை ரசீதிலோ பாதியில் வெட்டுப்படும். ஐந்தாறு ரோமன் எழுத்துக்குள் அடங்கும் பெயருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஃபிரெஞ்சுச் சாய்கோட்டு உயிரெழுத்துகளைத் தவிருங்கள், மின்னஞ்சலில் அவை உதிர்ந்துவிடும்.

பெட்டியில் பல எழுத்துருக்கள் வருமென்றால் எது முதலில் என்று யோசித்து முடிவெடுங்கள். 1998-ல் வெளிவந்த புதிய பண நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் இந்தி வந்ததும், தமிழர்கள் எதிர்த்ததும், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதும் இங்கே யாருக்கும் மறந்துபோகவில்லை. பெட்டி பணநோட்டு இல்லைதான். ஆனாலும் ரோமன் எழுத்துக்குக் கீழே தமிழ், அதே தடிமனில். கடுகளவு எழுத்தில் மூலையில் தமிழைப் போடுவதைவிடப் போடாமலே இருக்கலாம். தமிழ் வடிவத்தை வடிவமைப்பாளரிடம் மட்டும் விடாமல், அச்சுக்குப் போகும் கோப்பைத் தமிழ் வாசிப்பவர் ஒருவர் பார்க்க வேண்டும். கணினி மாறும்போது கொம்பும் காலும் இடம் மாறிப் போவது அடிக்கடி நடக்கிறது, அதைப் பத்தாயிரம் பெட்டி அடித்தபின் பார்ப்பதில் பயனில்லை.

பெயர் பிடித்துவிட்டால்

நன்றாக விற்கும் பெயருக்கு வருகிற நோய் ஒன்று உண்டு: அதுவே பொருளின் பெயராகிவிடும். இந்தத் தீவில் எந்தக் கம்பெனியின் குளிர்பெட்டியும் ஃப்ரிஸிதேர்தான்; ஃபிரெஞ்சு பேசுபவர்களுக்கு எந்த அழுத்தக் குக்கரும் கோக்கோத் மினூத்துதான், அது செப் கம்பெனியின் பதிந்த பெயர் என்று பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் தெர்மோஸ் தன் பெயரின் தனியுரிமையை இழந்ததும் இப்படித்தான்.

தடுக்க ஒரே பழக்கம் போதும், ஆனால் முதல் பெட்டியிலிருந்தே தொடங்க வேண்டும். உங்கள் பெயருக்குப் பின்னால் எப்போதும் பொருளின் பெயரைச் சேர்த்து எழுதுங்கள்: "திமில் ரோஸ் காரி". "ஒரு திமில் வாங்குங்கள்" என்று எழுதாதீர்கள். "திமிலில் அரையுங்கள்", "திமிலிடுங்கள்" என்று வினையாக்கவும் வேண்டாம். பெட்டி, விளம்பரம், செய்முறைத் தாள், கடைக்காரருக்குக் கொடுக்கும் விலைப்பட்டியல், எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல். விலைப்பட்டியலை அடிப்பவர் தன் இஷ்டத்துக்கு ஓர் எழுத்தை இரட்டிப்பார். அடுத்த மாதம் பாதிக் கடைகளில் அந்த எழுத்துதான் இருக்கும். பட்டியல் கடைக்குப் போகும் முன் ஒருமுறை நீங்களே வாசித்துவிடுங்கள்.